கூடத்தில் திரையும் ஒலியும்: பூச்சு வேலைக்கு முன் யோசிக்க வேண்டியவை

(புணே விஷ்ராந்த்வாடியில் நடந்த அங்கத்தினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் வயதுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தால், உபநிஷத்தைப் பற்றிப் பேசுவார் அல்லது பென்ஷனைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது சகஜம். அடியேன் இன்று எடுத்துக்கொண்டிருப்பது புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் ஆகிய விஷயங்களை. தலைப்பைக் கேட்டதும் நமது காரியதரிசி சற்று யோசித்தார். பிறகு, "மாமா, நம்மவாளில் பாதிப் பேர் இப்போ ஃபிளாட்டை உடைச்சுப் புதுப்பிச்சுண்டு இருக்கா. தாராளமாப் பேசுங்கோ" என்று அனுமதி தந்தார். அவர் சொன்னது உண்மை. உத்தியோக காலத்தில் கடன் போட்டு வாங்கிய வீடுகளுக்கெல்லாம் முப்பது, முப்பத்தைந்து வயதாகிவிட்டது. குழாய் ஒழுகுகிறது, பழைய வயரிங் தாங்கவில்லை. சுவரை எப்படியும் உடைக்கிறோம் என்றதும், "அப்படியே கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டரும் வைத்துவிடலாம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சொல்லட்டும், நல்ல யோசனைதான். ஆனால் அந்த யோசனை பெரும்பாலும் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறது. பிள்ளை, "எத்தனை அங்குலத் திரை?" என்று கேட்கிறான். கடைக்காரர், "எத்தனை ஸ்பீக்கர்?" என்று கேட்கிறார். "இந்த வீட்டில் யார் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள், அவர்கள் காதில் என்ன விழும்?" என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் யாருடைய காது மிகவும் மந்தமோ, அவரை அளவுகோலாக வைத்துத் திட்டம் போடுங்கள். அவருக்குப் புரிந்தால் மற்ற எல்லோருக்கும் நன்றாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாகச் செய்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்த கூடத்தில் அவர் மட்டும் உட்கார மாட்டார்.

என் அகத்துக்காரிக்கு அறுபத்தொன்பது வயது. சினிமாவோ, கச்சேரியோ, உபன்யாசமோ போட்டால், "சத்தம் நன்னாக் கேக்கறது, வார்த்தைதான் புரியலை" என்பாள். வால்யூமைக் கூட்டினால், "ஐயோ, தலையை வலிக்கறது, குறையுங்கோ" என்பாள். இது முரண்பாடு என்று நினைக்க வேண்டாம். 1971-ல் பௌதிகம் படித்துத் தேறியவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

பேச்சில் உயிரொலிகளுக்குத்தான் சக்தி அதிகம். அவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பவை. வார்த்தையின் அர்த்தத்தைப் பிரித்துக் காட்டுபவையோ மெய்யொலிகள். கட்டு, தட்டு, பட்டு என்று சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் உயிரொலி ஒன்றே. முதல் மெய்தான் வித்தியாசம். க, த, ப, ச, ஷ போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த சக்தியோடு இருக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பது அந்த மேல் அதிர்வெண்களைத்தான். ஆகவே வால்யூமைக் கூட்டினால் உயிரொலியும் தவிலும் டிரம்மும் தலையில் இடிக்கின்றன. மெய்யொலி மட்டும் அப்படியே பின்தங்கி நிற்கிறது. சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை என்று அவள் சொல்வது அட்சரம் பிசகாத விஞ்ஞானம்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. புரியாத இடத்தில் மனிதர்கள் அதிக நேரம் உட்கார மாட்டார்கள். முதலில் சினிமா பார்ப்பதை விடுவார்கள், பிறகு கூடத்துக்கு வருவதையே விடுவார்கள். மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் கமிஷனின் 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளும், தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் கேள்விக்குறைவைச் சேர்த்திருக்கின்றன. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் காது டாக்டரிடம் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காதுக் கருவி வேண்டுமென்றால் அதற்குத்தான் முதல் செலவு, ஸ்பீக்கருக்கு அடுத்தபடிதான்.

இனி அறைக்கு வருவோம். எங்கள் கூடம் நீளம் 18 அடி, அகலம் 12 அடி, உயரம் 10 அடி. பழைய சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். "ட்ரிங்" என்று ஓர் உலோக ஓசை பின்னால் ஓடும். டைல்ஸ் தரை, சிமெண்டுப் பூச்சு, கண்ணாடி ஜன்னல் எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. முதல் எழுத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. பலவீனமான மெய்யெழுத்து அந்த வாலுக்கு அடியில் மூழ்கிவிடுகிறது.

ஒலி திரும்புவதில் விந்தையும் உண்டு. விஜயபுராவில், அதாவது பழைய பீஜப்பூரில், கோல் கும்பஸுக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் குவிமாடத்தின் மேல் வளையத்தில் ஒரு பக்கம் ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கும். ஒரு குரல் கொடுத்தால் பல தடவை எதிரொலிக்கும். சர் சி.வி. ராமன் இத்தகைய ரகசிய மண்டபங்களைப் பற்றி 1920-களின் துவக்கத்தில் ஆராய்ந்திருக்கிறார். 1907-லிருந்து 1917 வரை அவரும் சர்க்கார் நிதி இலாகா அதிகாரிதான் என்பதை, என் போன்ற ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கோல் கும்பஸில் உட்கார்ந்து ஒரு உபன்யாசம் கேட்க முடியுமா? ஒரு வாக்கியம் கூடப் புரியாது. நம் காலி ஃபிளாட் ஒரு குட்டி கோல் கும்பஸ்.

இதற்குக் கணக்கு கண்டவர் வாலஸ் சாபைன் என்ற ஹார்வர்ட் பௌதிக ஆசிரியர். 1895-ல் அங்கே ஃபாக் மியூசியத்தின் புதிய லெக்சர் ஹாலில் பேச்சு புரியவில்லை என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பேச்சொலி அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி வேளைகளில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதவைத்து, நேரம் குறித்துக் குறித்து அவர் சூத்திரத்தைக் கண்டார். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கின்படி கட்டியதுதான்.

சூத்திரம் சுலபம். அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்குங்கள். அந்த அறை எத்தனை சதுர அடி ஒலியை முழுசாக உறிஞ்சுகிறதோ அதால் வகுங்கள். ஒலி அடங்க எத்தனை நொடி என்று வரும். எங்கள் கூடம் 2160 கன அடி, பெருக்கினால் 106. தரை, மேல்தளம், நாலு சுவர் சேர்ந்து 1032 சதுர அடி. இவை தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சுவதாக வைத்தால் 52 ஆகிறது. 106-ஐ 52-ஆல் வகுத்தால் இரண்டு நொடி. பேச்சு தெளிவாகக் கேட்க, இந்த அளவு அறைக்கு அரை நொடி அளவில் இருப்பது உத்தமம்.

இரண்டை அரையாக்க ஸ்டூடியோ கட்ட வேண்டாம். பால்கனிப் பக்கச் சுவர் முழுக்க, 12 அடிக்கு 9 அடி, கனமான துணியில் நிறைய மடிப்பு வைத்த திரைச்சீலை போட்டால் ஏறக்குறைய 54 சேரும். அடியில் தடித்த விரிப்பு வைத்து 80 சதுர அடிக்குக் கம்பளம் போட்டால் 24. புஸ்தகங்கள் நிரம்பிய அலமாரி 18. துணி சோபா 30. ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஐந்தாக 25. பழைய 52-ஓடு கூட்டினால் 203. 106-ஐ இதால் வகுத்தால் அரை நொடிதான். இவை தோராயமான எண்கள். துணிக்குத் துணி மாறும். ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பலன் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. புதிய வீட்டுக்குப் பொருந்தாது என்று அப்பாவின் புஸ்தக அலமாரியை வெளியே தள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு, அது ஒலிக்கும் உபகாரம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. புணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஈரம் கசியும் சுவரில் துணிப்பலகையோ ஸ்பாஞ்சோ ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். முதலில் கசிவை அடைத்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர். கடையில் ஐந்து, ஏழு, அதற்கு மேலும் என்று எண்ணிக்கை சொல்வார்கள். நம் குடும்பங்களில் உட்கார்ந்து கேட்பவை எவை என்று யோசியுங்கள். பழைய ஆகாசவாணிக் கச்சேரிகள், பழைய தமிழ்ப் படங்கள், உபன்யாசங்கள். இவற்றில் பெரும்பாலானவை மோனோ. ஒரே தடத்தில் பதிவானவை. புதிய படங்களிலும் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் அனுப்பப்படுகிறது. ஆகவே நம் வீட்டில் ராஜா, நடு ஸ்பீக்கர். மற்றவை பரிவாரம்.

"இடது, வலது இரண்டு இருந்தால் நடுவிலிருந்து வருவதுபோலவே கேட்குமே, நடுவில் எதற்குத் தனியாக?" என்று கேட்கலாம். சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முன்னால் வந்துவிடும். காது முதலில் வந்த ஒலியின் திசையையே நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் ஆராய்ந்து எழுதியதால் இதை ஹாஸ் விளைவு என்பார்கள். கூடத்தில் நடு இடம் ஒன்றுதான், குடும்பமோ ஐந்து பேர். நடு ஸ்பீக்கர் இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் வசனம் பேசுபவரின் வாயிலிருந்து வரும். பணம் குறைவென்றால் இடம், வலம், நடு என்ற மூன்றை நல்லதாக வாங்குங்கள். சுற்றுப்புற ஸ்பீக்கர்களுக்கு இப்போது குழாய் மட்டும் பதித்து வையுங்கள். வசதி வரும்போது மாட்டலாம்.

இப்போது இடக்கணக்கு. 16-க்கு 9 வடிவில் 100 அங்குலத் திரை என்றால் குறுக்கே மூலைக்கு மூலை 100. அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம். 12 அடிச் சுவரில் நடுவில் வைத்தால் இரு பக்கமும் இரண்டே கால் அடிக்கு மேல் மீதி; ஸ்பீக்கர் நிற்க இடம் கிடைத்தது. உட்காரும் தூரம் 10 அடியிலிருந்து பதின்மூன்றரை அடிக்குள் இருந்தால் கண்ணுக்கு சௌகரியம். நாங்கள் 12 அடி வைத்தோம். கவனியுங்கள், சோபா பின்சுவரை ஒட்டவில்லை. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் சுவர் திருப்பும் ஒலி நேராகக் காதில் விழுந்து வார்த்தையைக் குழப்பும். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் வழியில் பால்கனிக்குப் போகிறவர்கள், பார்ப்பவர்களின் குறுக்கே வராமல் போகலாம்.

இடது வலது ஸ்பீக்கர்களை 10 அடி இடைவெளியில் வைத்தால், உட்கார்ந்தவரின் நேர்ப்பார்வைக்குப் பக்கத்துக்கு 22 டிகிரி அளவு வரும். 22-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தால் சரி. சுற்றுப்புற ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர்களில், உட்காருமிடத்துக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு இரண்டடி மேலே இருக்கலாம்.

உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சோபாவில் உட்கார்ந்தவரின் கண்ணும் காதும் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. திரையின் கீழ் விளிம்பு 2 அடி 9 அங்குலத்தில் இருந்தால், பார்வை திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் விழும். அழகுக்காகத் திரையை மேலே ஏற்றினால் கழுத்து வலிக்கும். பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர் சாய்வு நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டால், கீழ்ப்பகுதியின் படிக்கும் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்க்க நேரும்; படம் மங்கும். புரொஜெக்டர் மேல் பழி போடுவார்கள்! நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழே தாழ்ந்த மேடையில், முகத்தைக் காது நோக்கிச் சற்று நிமிர்த்தி வைக்க வேண்டும். பேரன் பேத்திகள் ஜமக்காளத்தில் முன்னால் உட்காருவார்கள். அவர்கள் தலை ஸ்பீக்கரை மறைக்காதபடி நடுவில் ஒரு சந்து விட்டு உட்காரச் சொல்லுங்கள்.

இனி புரொஜெக்டர். பல மாடல்களைத் திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் மாட்ட வேண்டும். எங்கள் திரைக்கு அது 11 அடி. வெளிநாட்டுப் புஸ்தகங்களில் இல்லாத ஒரு பிரச்னை இங்கே வருகிறது: கூடத்தின் நடுவில் சீலிங் ஃபேன்! 48 அங்குல ஃபேன் 18 அடிக் கூடத்தின் நடுவில் தொங்கினால், அதன் இறக்கை திரைச்சுவரிலிருந்து 7 அடிக்கும் 11 அடிக்கும் நடுவில் சுற்றும். ஒளிக்கற்றை அதை உரசினால் படம் படபடவென்று அடிக்கும். பரிகாரம் ஒரு நூல்கண்டு. புரொஜெக்டர் வரும் இடத்திலிருந்து திரையின் நான்கு மூலைகளுக்கும் நூல் கட்டிப் பாருங்கள். ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றி, நூலைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ஃபேனை இடம் மாற்றும் வேலை பூச்சுக்கு முன்பே நடக்கட்டும். சுருட்டி இறக்கும் மெல்லிய திரை ஃபேன் காற்றில் அலையும். இரு ஓரமும் இழுத்துக் கட்டிய வகையை வாங்குங்கள்.

சுவருக்கு அருகில் மேஜைமேல் வைக்கும் குறுந்தூர புரொஜெக்டர்களும் உண்டு. அவற்றுக்கு ஃபேன் தொந்தரவு இல்லை. எழுந்து போகிறவரின் நிழலும் திரையில் விழாது. ஆனால் அவற்றுக்கென்றே செய்த தட்டையான, விறைப்பான திரை வேண்டும். மேஜையின் உயரமும் துல்லியமாக இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் கறுப்பு என்று நாம் பார்ப்பது, புரொஜெக்டர் ஒளி போடாத இடம். அறையில் வெளிச்சம் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. டிஜிட்டல் சினிமா தியேட்டருக்குத் திரை ஒளி அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. எங்கள் திரைக்குக் கணக்குப் போட்டால், நன்றாக இருட்டிய அறையில் 415 லூமன் திரையில் விழுந்தாலே அந்த அளவு வந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் மூவாயிரம் எல்லாம் வெளிச்சமான அறையோடு சண்டை போடுவதற்கு. ஒலிக்காகப் போட்ட கனத்த திரைச்சீலையே வெளிச்சத்தையும் மறைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பகல் முழுக்க இருட்டாக்க முடியாத கூடம் என்றால், புரொஜெக்டர் ஆசையை விட்டுப் பெரிய டி.வி.யாக வாங்கிவிடுங்கள். உட்காருமிடம், ஸ்பீக்கர், குழாய் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும்.

குழாய் என்றதும் முக்கியமான விஷயம். பூச்சு வேலை முடிந்தபின் ஒரு வயர் இழுப்பது என்பது, கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பது மாதிரி. புரொஜெக்டர் இடத்துக்கும் ஆம்ப்ளிஃபயர் அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அல்லது இரண்டு அங்குல பி.வி.சி. பைப் பதியுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை பெரிது. முக்கால் அங்குலக் குழாயில் நுழையாது. எல்போ போட்டு மடக்காமல் வளைவாக வளைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள், நாளைக்குப் புதிய கேபிள் இழுக்க உதவும். நீண்ட தூரத்துக்குச் செம்புக் கேபிளைவிட ஒளியிழை வகை நம்பகமானது. ஆனால் அதற்கு முன், பின் என்று திசை உண்டு. இழுப்பதற்கு முன் அதில் எழுதியிருப்பதைப் படிக்கவும்.

கரண்டு வயரும் சிக்னல் வயரும் ஒரே குழாயில் போகக் கூடாது. ஓர் அடி தள்ளியிருப்பது நல்லது. ஸ்பீக்கருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். 50 அடி தூரத்துக்குப் போய்வர அதன் மின்தடை கால் ஓமுக்கும் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. தங்கமுலாம், வெள்ளிமுலாம் என்று விலை சொன்னால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். இந்த சர்க்யூட்டுக்குத் தனி எம்.சி.பி., சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தூண், பீம் எதிலும் உளி படக் கூடாது. எங்கள் மிஸ்திரி, "காகா, ஒரு இஞ்சுதானே!" என்றார். ஒரு இஞ்சும் கூடாது என்று சொல்லிவிட்டேன். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும் நாளில் அது கைகொடுக்கும்.

விஷ்ராந்த்வாடிக்காரர்களுக்கு இன்னொரு விசேஷக் கஷ்டம் தலைக்கு மேலேயே இருக்கிறது. லோஹகாவ் விமானத்தளம் பக்கத்தில். 2002-ல் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்கள் விமானப்படையில் முறைப்படி சேர்ந்தது அங்கேதான். அவை கிளம்பினால் கதாநாயகனாவது வில்லனாவது, எவர் பேச்சும் எடுபடாது. அதை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் ஆளந்தி ரோடு ஹார்ன் சத்தத்தைக் குறைக்கலாம். கண்ணாடியின் கனத்தைவிட ஜன்னல் சட்டத்தின் இடுக்கு முக்கியம். காற்று நுழையும் இடுக்கில் ஒலியும் நுழையும். ரப்பர் பட்டையோடு நன்றாக அழுந்தி மூடும் ஜன்னலாகப் போடுங்கள்.

வெளிச்சத்தம் உள்ளே வருவதுபோல் நம் சத்தம் வெளியே போவதும் உண்டு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்து ஒலி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது என்று 2010-ல் சேர்த்தார்கள். விதியைவிடப் பெரிது பக்கத்து வீட்டாரின் முகம். பேச்சுக்கு சப்-ஊஃபர் தேவையே இல்லை. வைத்தால் மூலையில் தள்ளாமல், சுவரைத் தொடாமல், தடித்த ரப்பர் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் தினமும் நம் சினிமாவைத் தளத்தின் வழியே கேட்பார். நம் வீட்டுக்குள்ளேயே கொலு பொம்மைகள் வைத்த கண்ணாடி அலமாரி ஒரு குறிப்பிட்ட சுருதிக்குக் கூடவே கிணுகிணுக்கும். கண்ணாடி ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டினால் அடங்கிவிடும்.

கொலு என்றதும், இன்னொன்றையும் யோசியுங்கள். நவராத்திரிக்குப் படி கட்டும் சுவர் எது? எங்கள் வீட்டில் திரைக்கென்று பிள்ளை தேர்ந்தெடுத்த சுவர்தான் கொலுச் சுவர். ஒரு விவாதத்துக்குப் பிறகு, சுருண்டு மேலே போகும் திரையும், எளிதில் கழற்றி நகர்த்தும் தாழ்ந்த மேடையும் என்று முடிவாயிற்று. படிக்கு விளக்கு போட அதே சுவரில் இரண்டு பிளக் பாயிண்டும் வைத்துவிட்டோம். வருஷத்தில் பத்து நாள் என்றாலும் அந்தச் சுவர் அம்பாளுடையது.

கடைசியாக ஒரு பரீட்சை. காசு செலவில்லாதது. திரை வரும் இடத்தில் செய்தித்தாள்களை ஒட்டித் திரையளவு காட்டுங்கள். உட்காருமிடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். வீட்டில் காது மந்தமானவரை அங்கே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நடு ஸ்பீக்கர் வரும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், சம்பந்தமில்லாத பத்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். கேட்பவர் வாயைப் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். காலிக் கூடத்தில் என் அகத்துக்காரி பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னாள். பழைய ரஜாய்களையும் ஜமக்காளங்களையும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வேறு பத்து வார்த்தைகளோடு மறுபடி செய்தோம். எட்டு வந்தது. அதற்கப்புறம் திரைச்சீலைத் துணிக்கு ஆகும் செலவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

இப்போது காதுக் கருவிக்கே கம்பியில்லாமல் ஒலியை அனுப்பும் சாதனங்கள் வந்துவிட்டன; தமிழ் எழுத்தோட்டம் உள்ள படங்களும் உண்டு. அவற்றையும் உபயோகியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தனிக் காதுக்குத் தனி ஒலி என்று ஆனபிறகு, ஒரு நகைச்சுவைக்கு எல்லோரும் ஒரே க்ஷணத்தில் சிரிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். கூடம் என்றாலே எல்லோரும் கூடும் இடம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன் என்று ஆகிவிட்ட காலத்தில், பெரிய திரையின் உண்மையான லாபம் அதன் முன்னால் எல்லோரும் சேர்ந்து உட்காருவதுதான். அதில் ஒருவருக்குப் புரியாமல் போனால் அந்த லாபம் கைநழுவிப் போகிறது.

சென்னை, பெங்களூர், மும்பை, தில்லி என்று எந்த ஊரில் இருக்கும் அங்கத்தினரானாலும், வீட்டைப் புதுப்பிக்கத் தீர்மானித்தால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "ஸ்ரீராமஜெயம்" எழுதுவது நம் வழக்கம். அடுத்த வரியில் திரையின் அளவை எழுத வேண்டாம். அந்தக் கூடத்தில் உட்காரப் போகிறவர்களின் பெயர்களை, வயதில் மூத்தவரிலிருந்து ஆரம்பித்து எழுதுங்கள். அளவுகள் எல்லாம் அதற்குக் கீழே தானாக வந்து அமையும்.

 பின்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் பேசியது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். புரியாவிட்டால், காபிக்குப் பிறகு இந்த ஹாலையும் அளந்து பார்த்துவிடலாம்.